ஊழிக்குப் பின் ஓர் ஊர்: காலநிலைப் பேரழிவுக் கதை எழுதுவோர் கேட்கும் கேள்விகள்

காலநிலை சிதைந்துபோன ஒரு வருங்காலத்தில் மனிதர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று கதை எழுதும் இளைஞர்கள் சில ஆண்டுகளாகத் தங்கள் கதைகளை எனக்குப் படிக்கக் கொடுக்கிறார்கள். ஊர் வேறு, வயது வேறு. கேள்விகள் மட்டும் அநேகமாக ஒன்றுதான். அதனால் எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதிவைக்கிறேன். நானும் இந்த வகையில் எழுதுகிறவன். எழுதும்போது தேடித் தெரிந்துகொண்டவை, தவறாக எழுதிப் பிறகு திருத்தியவை, இரண்டும் இதில் உண்டு.

ஊழிக்கதை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஊழி என்றால் உலகம் முடியும் காலம். ஊழிக்கதை அந்த முடிவுக்கு மறுநாள் காலையில் தொடங்குகிறது. வெள்ளத்தில் வீடு போவது பேரிடர்க் கதை. வீடு போய்ப் பதினைந்து வருடம் கழித்து, அங்கே பிறந்த ஒரு குழந்தை எதைப் பார்த்து ‘வீடு’ என்று சொல்கிறது என்று எழுதினால் அது ஊழிக்கதை.

இது மேலைநாட்டிலிருந்து வந்த வகைதானே? தமிழில் எழுதினால் ஒட்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். நவீன வடிவம் அங்கிருந்து வந்தது, மறுப்பதற்கில்லை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை. சூரியன் அணைந்துபோன உலகத்தை ஆங்கிலக் கவிஞர் பைரன் கவிதையாக எழுதியது அந்த 1816இல்தான். அங்கிருந்து ஒரு கோடு இழுத்தால் இன்றைய நாவல்கள் வரை வந்துவிடலாம்.

ஆனால் பாழ்பட்ட நிலத்தைப் பாட நாம் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பாலைத் திணையை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாத வழி, காய்ந்த மரம், வழிப்பறி செய்யும் ஆறலை கள்வர், செத்தவர்மேல் கல்லைக் குவித்த பதுக்கை, மேலே வட்டமிடும் பருந்து. இன்றைய பாழ்நிலப் படங்களில் வரும் எல்லாமே அங்கே இருக்கிறது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் கொண்ட பாடல்கள் அத்தனையும் பாலை, நானூறில் இருநூறு. பாலை தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலைதான் பாலை என்கிறது சிலப்பதிகாரம். காலநிலை மாற்றத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வளவு கொடிய நிலத்துக்கு நம் முன்னோர் வைத்த உரிப்பொருள் பிரிவு. போரோ வேட்டையோ அல்ல. போனவன் திரும்புவானா என்று ஒருத்தி காத்திருக்கிறாள். வழியில் போகிறவன் அவளை நினைக்கிறான். துப்பாக்கி ஏந்திய நாயகனோடு உங்கள் கதை தொடங்கியிருந்தால், ஒரு நாள் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பாலைப் பாடல்கள் பத்தைப் படித்துவிட்டு வாருங்கள்.

பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளின் கதையை நம் கிராமங்கள் பாட்டாகப் பாடின, கூத்தாக ஆடின. ஊழி வரும்போது முதலில் உடைவது எது என்று அந்தக் கதைக்குத் தெரியும்: அண்ணன் வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்கும் என்ற நம்பிக்கை.

எவ்வளவு வெயில் அடித்தால் மனிதர் சாவார்கள்? 50 டிகிரி போட்டால் போதுமா?

அனேகமாக எல்லாக் கதைகளிலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வெப்பமானி காட்டும் எண் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. உடம்பு வியர்க்கிறது, வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் வியர்வை காயாது. வழிந்துகொண்டே இருக்கும், குளிராது. இதை அளக்கத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஒன்று இருக்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, காற்றுப் பட வைத்து, அது காட்டும் எண்ணைப் பார்ப்பார்கள்.

அந்த எண் 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் உட்கார்ந்து வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கும் திடகாத்திரமான ஆள்கூட ஆறு மணி நேரம் அளவுக்குத்தான் தாங்குவார் என்பது 2010இல் முன்வைக்கப்பட்ட கணக்கு. பிறகு இளைஞர்களை வைத்துச் செய்த சோதனைகளில், அந்த எண் 31ஐ நெருங்கும்போதே உடம்பின் வெப்பம் கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கியது.

நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். உள்நாட்டில் 45 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் எண் சுமார் 26தான். வாட்டும், நிழலும் மோரும் இருந்தால் பிழைத்துவிடலாம். கடலோரத்தில் 38 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அதே எண் 34ஐத் தொடும். வெப்பமானியில் ஏழு டிகிரி குறைவு, ஆனால் அங்கேதான் சாவு. ஆகவே கொடுமையான நாளை எழுத வெடித்த நிலமும் கானல்நீரும் வேண்டாம். மேகம் மூடிய, காற்றே அசையாத, துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ஒரு பிற்பகலை எழுதுங்கள். அதைவிடக் கொடியது அந்த இரவு, தகரக் கூரை வீட்டில்.

யார் சாவார்கள் என்பதையும் யோசியுங்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலை அடித்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனியாக வாழ்ந்த முதியவர்கள்தான் அதில் அதிகம். ஏழ்மை ஒரே அளவில் இருந்தும், ஆட்கள் தெருவில் நடமாடிக் கடைக்குப் போய் வந்து ஒருவரை ஒருவர் தெரிந்துவைத்திருந்த பகுதிகளில் சாவு குறைவு. கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் இருந்ததா என்பதுதான் அங்கே வித்தியாசம்.

கடல் எவ்வளவு உயரும்? சென்னை முழுக்க மூழ்கிப் படகில் போவதுபோல் எழுதலாமா?

எழுதலாம், ஆண்டைக் கவனமாகப் போடுங்கள். 1901இலிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு 2021இல் கொடுத்த கணக்கின்படி, வெப்பம் ஏற்றும் வாயுக்களின் உமிழ்வு மிக மோசமாகப் போனால் 2100க்குள் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை உயரலாம். பனிப்படலங்கள் எதிர்பாராமல் உடைந்தால் இன்னும் கூடலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. உலகின் பனி அத்தனையும் உருகினால் சுமார் 65, 70 மீட்டர். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். நிலமே இல்லாத உலகம் எந்தக் கணக்கிலும் வராது.

‘ஒரு மீட்டர்தானா!’ என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். அலை தெருவுக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உப்பு கிணற்றுக்கு வந்துவிடும். கடலோர மண்ணில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால் கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். மேலே அரை அடி குறைந்தால் கீழே இருபது அடி போய்விடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்கு மீறி இறைத்ததில் உப்பு பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கடல் உயராமலே நடந்தது அது. கடல் உங்கள் கதைக்குள் நுழைய வேண்டிய முதல் இடம் ஒரு குடம் தண்ணீர். ஒரு நாள் காலை சோறு கரிக்கிறது. பாட்டி உலையில் உப்புப் போடுவதை நிறுத்திவிடுகிறாள்.

நம் மண்ணில் முடிந்துபோன ஓர் ஊர் இருக்கிறதா, போய்ப் பார்க்க?

தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கடலில் போனது. அதன்பின் அரசாங்கம் அதை வாழத் தகுதியற்ற இடமென்று அறிவித்தது. இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் சுவர்களையும் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு. அறிவிப்புக்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. இரு பக்கமும் கடல், நடுவில் மணலைக் கையால் தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரை அகப்பையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். மேலே சொன்ன மிதக்கும் நன்னீர் அதுதான். ஆழமாகத் தோண்டினால் உப்பு. எவ்வளவு தோண்டினால் போதும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். ஒரு முழு நாவலுக்கான அறிவு அந்த ஒரு குழிக்குள் இருக்கிறது.

என் நாயகன் பேரழிவு நடந்து இருபது வருடம் கழித்து ஜீப்பில் வருகிறான். ஏதாவது தவறா?

ஜீப் இருக்கலாம், பெட்ரோல் இருக்காது. டப்பாவில் மூடிவைத்த பெட்ரோல் ஆறு மாதத்திலிருந்தே கெடத் தொடங்கும். ஓரிரு வருடத்தில் எஞ்சின் அதை ஏற்காது. டீசல் இன்னும் கொஞ்சம் தாங்கும். சூரியத் தகடு இருபத்தைந்து, முப்பது வருடம் வேலை செய்யும். அதோடு சேர்ந்த ஈயப் பேட்டரி ஐந்து வருடத்துக்கு மேல் வராது. ஆக இருபதாம் வருடத்தில் பகலில் மின்சாரம் உண்டு, இரவில் கிடையாது. இது எனக்குப் பிடித்த விவரம். ஊரே பகலில் மாவரைத்து, தண்ணீர் இறைத்து, பொழுது சாய்ந்ததும் நின்றுவிடுகிறது.

மருந்துதான் இன்னும் கடினம். இன்சுலின் குளிர்பெட்டிக்கு வெளியே சுமார் நான்கு வாரம் தாங்கும், அதுவும் மிதமான வெப்பத்தில். ஈரமண் பானைக்குள் வைத்தால் இன்னும் கொஞ்ச நாள் வரும். ஆனால் பானை குளிர்வதும் தண்ணீர் காய்வதால்தான். வியர்வை காயாத அந்தப் பிற்பகலில் பானையும் குளிராது. நீரிழிவு உள்ள ஒரு தாயும் அவள் மகனும் ஒரு பானையும் என்று நான் ஒரு கதை தொடங்கி, எழுத மனம் வராமல் நிறுத்திவைத்திருக்கிறேன். யாராவது எழுதினால் படிக்கத் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

அணுமின் நிலையங்களைக் கதையில் விட்டுவிடலாமா?

தமிழ்நாட்டுக் கடலோரத்தில் கதை நடந்தால் விட முடியாது. கல்பாக்கமும் கூடங்குளமும் கடற்கரையில் இருக்கின்றன. உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளைப் பல ஆண்டுகள் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2011இல் ஃபுகுஷிமாவில் உலைகள் நிலநடுக்கத்தில் ஒழுங்காக நின்றன. குளிர்விக்க மின்சாரம் தர வேண்டிய டீசல் ஜெனரேட்டர்களை ஆழிப்பேரலை மூழ்கடித்ததால்தான் விபரீதம். உங்கள் உலகத்தில் அந்த வேலையை யார் தொடர்ந்து செய்கிறார்கள்? சம்பளம் கொடுக்க அரசாங்கம் இல்லாத காலத்திலும் தினமும் வேலைக்குப் போகும் ஒருவரை எழுதுங்கள்.

என்ன சாப்பிடுவார்கள்?

டப்பா உணவைத் தேடி இடிந்த கடைகளுக்குள் நுழையும் காட்சி நம் ஊருக்குப் பொருந்தாது. நம் கடைகளில் டப்பா உணவு எங்கே இருக்கிறது? அரிசி மூட்டை இருக்கும், அதில் வண்டு இருக்கும்.

விதைநெல்லைப் பற்றி யோசியுங்கள். சாதாரண வீட்டில் வைத்த விதைநெல் ஓரிரு வருடத்தில் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவே விதையைப் பூட்டிவைத்துக் காக்க முடியாது, விதைத்துத்தான் காக்க முடியும். நார்வேயின் ஸ்வால்பார்டில் பனிமலைக்குள் 2008இல் திறந்த உலக விதைக் கிடங்கு உறைகுளிரில் விதைகளை வைத்திருக்கிறது. சிரியப் போரில் அலெப்போவின் விதை வங்கி எட்டாத இடமாகிவிட்டதால் 2015இல் முதல்முறையாக அங்கிருந்து விதைகளை எடுத்தார்கள். அதற்குச் சில காலம் கழித்து, அந்தக் கிடங்கின் நுழைவுச் சுரங்கத்துக்குள்ளேயே பனி உருகிய தண்ணீர் வந்தது. விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கதை எழுதுகிறவருக்கு அந்தக் காட்சி மறக்காது.

நம் பக்கத்தில் நெல் ஜெயராமன் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை கொடுப்பார்கள். வாங்கியவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் செத்துப்போன உலகத்துக்கு இதைவிட நல்ல வங்கி எது? வெள்ளத்தைத் தாங்கும் மடுமுழுங்கி, உவர்நிலத்தில் வரும் களர்ப்பாலை, வறட்சியைத் தாங்கும் குழியடிச்சான் என்று பெயர்களே ஒவ்வொரு கதை சொல்லும். அப்புறம் பனையை மறந்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோதும் பனைகள் நின்றன. நுங்கு, பதநீர், கருப்பட்டி, கிழங்கு, ஓலை, கட்டை. பட்டினிக் காலத்தில் பனங்கிழங்கையும் புல்லரிசியையும் தின்று உயிர் காத்த நினைவு நம் தாத்தா பாட்டிகளிடம் இருந்தது. இன்னும் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அதற்கு நான்கு வருடம் முன்பு அதே செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்த தண்ணீரில் அடையாற்றங்கரை மூழ்கியது. ஒரே ஊர், ஒரே ஏரி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் இருக்கின்றன. மின்சாரம் நின்ற நாளில் அவையும் நின்றுவிடும்.

மின்சாரம் இல்லாமல் ஓடும் ஏற்பாடு ஒன்று நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள். வரத்துக்கால், மடை, கலிங்கு, ஒரு ஏரியின் மிகுதி நீர் அடுத்த ஏரிக்கு. யாருடைய வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கிட நீர்க்கட்டி என்று ஓர் ஆள். தண்ணீர் குறைந்த காலத்தில் அவர் சொல்தான் சட்டம். உங்கள் ஊழிக்குப் பிந்தைய ஊரில் தலைவர், படைத்தளபதி என்றெல்லாம் எழுதுவதற்கு முன் நீர்க்கட்டி யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சட்டம் போனால் மக்கள் ஒருவரை ஒருவர் அடித்துத் தின்பார்கள் என்றுதானே எழுத வேண்டும்?

ஏன் அப்படி? நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் சராசரியாகக் கிடைக்கும் அளவு அது. சுமார் 800 பயணிகளோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் அடியில் மண் போய்விட்டது, சுற்றிலும் வெள்ளம். பயணிகளுக்குச் சோறு வந்தது அருகில் இருந்த புதுக்குடி ஊரிலிருந்து. தங்கள் ஊரும் வெள்ளத்தில் இருக்கும்போது, வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்துப் போட்டார்கள்.

கொடுமை இல்லையென்று சொல்லவில்லை. 1876இலிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது தானியம் கப்பலேறி வெளியே போய்க்கொண்டிருந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்த ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலி வகுத்தார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்தில் வெட்டியது. அந்தக் கொடுமையைச் செய்தது பசித்த கூட்டம் அல்ல, வயிறு நிறைந்த நிர்வாகம். உங்கள் கதையில் வில்லன் தேவையென்றால் கணக்குப் புத்தகத்தோடு வரட்டும்.

ஊழியில் சாதியெல்லாம் அழிந்துபோயிருக்கும் அல்லவா?

எனக்கும் அப்படி ஆசைதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, சுற்றிலும் பிணங்கள் கிடந்த கடற்கரையிலேயே, தலித் மக்களை நிவாரண முகாம்களில் தனியே ஒதுக்கினார்கள், பொருள் கொடுப்பதில் பாகுபாடு காட்டினார்கள் என்று அப்போதே அறிக்கைகள் பதிவு செய்தன. மேலே நான் மெச்சிய நீர்க்கட்டியும் பல ஊர்களில் தலித்தான். எல்லார் வயலுக்கும் தண்ணீர் பங்கிட்டவருக்குச் சொந்தமாக வயல் கிடையாது. இதைச் சொல்லாமல் ஏரியின் பெருமையை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். ஊழிக்குப் பின் கிணறு யாருடையது என்ற கேள்வியை எழுப்பாத தமிழ்க் கதையை என்னால் நம்ப முடியவில்லை.

தனியொருவனாகப் பிழைக்கும் நாயகன் வேண்டாமா?

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை இருக்கிறது. பன்னிரண்டு வருடப் பஞ்சத்தில், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியால் அவன் எல்லாருக்கும் சோறிடுகிறான். மழை திரும்பியதும் அவனிடம் உண்ண ஆள் வரவில்லை. கடல் கடந்த சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை மறந்து கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் குறையாத பாத்திரம். உயிர்பிழைக்கும் கதைகளின் கனவு இதுதானே? அவன் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர்விடுகிறான். பலருக்குச் சோறிட வேண்டியதை வைத்துத் தான் ஒருவன் மட்டும் உயிர்காத்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை. எனக்குத் தெரிந்த ஊழிக்கதைகளில் இதற்கு நிகர் இல்லை.

அறிவியல், புத்தகங்கள் எல்லாம் என்ன ஆகும்?

இறையனார் களவியல் உரையில் ஒரு செய்தி வருகிறது. பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம், அதாவது பஞ்சம். அரசன் புலவர்களை அழைத்து, ‘இனி உங்களைக் காக்க என்னால் ஆகாது, போய் நாடு செழித்ததும் வாருங்கள்’ என்று அனுப்பிவிடுகிறான். மழை வந்தபின் தேடினால் எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைக்கிறார்கள். பாட்டின் உள்ளடக்கத்தைப் பேசும் பொருளதிகாரம் வல்லவர் ஒருவர்கூட இல்லை. அரசன் கவலைப்படுகிறான்: எழுத்தும் சொல்லும் பொருளுக்காகத்தானே!

வரலாறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அறிவு எப்படித் தொலையும் என்று இது சரியாகச் சொல்கிறது. ஓலை எரிய வேண்டாம், கற்றவருக்குச் சோறு இல்லாமல் போனால் போதும். உங்கள் ஊரில் எந்த அறிவு மிஞ்சியது, எது தொலைந்தது? பாம்புக்கடி மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துத் தருகிறார்கள்; எங்கோ ஓர் ஆலையில் அதைக் குதிரைகளுக்குச் செலுத்தி மருந்தெடுக்கிறார்கள். ஆலை நின்றாலும் பாம்பைக் கையாளும் இருளரின் அறிவு நிற்காது. அதை வைத்து அந்த ஊர் என்ன செய்கிறது?

மனிதர் ஒதுங்கிக்கொண்டால் இயற்கை பத்து வருடத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்று முடிக்கலாமா?

முடியாது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்கு; இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைந்து உமிழ்வு ஐந்து சதவீதம் அளவுக்குக் குறைந்தும் காற்றில் அந்த எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது. உமிழ்வு அடியோடு நின்றாலும் ஏறிய வெப்பம் நூற்றாண்டுகளுக்கு அப்படியே நிற்கும், கடல் இன்னும் உயரும். கைவிட்ட நிலத்தில் பச்சை வரும், சரி. ராமநாதபுரத்துப் பச்சை சீமைக் கருவேலமாக இருக்கும். வறட்சியும் உவரும் அதற்கு ஒன்றுமில்லை. அந்த முள்காட்டை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து ஓர் ஊர் பிழைக்கும் கதையை எழுதலாமே.

வேறு மொழியில் யாரைப் படிக்கலாம்?

இரண்டு பெயர் மட்டும் சொல்கிறேன். ஆக்டேவியா பட்லர் 1993இல் வெளியிட்ட ‘பாரபிள் ஆஃப் தி சோவர்’ 2024இன் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. வீடிழந்த ஒரு பெண் வடக்கே நடக்கிறாள், விதைகளோடும் வழியில் சேரும் ஆட்களோடும். கிம் ஸ்டான்லி ராபின்சனின் 2020 நாவலான ‘தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்’ உத்தரப்பிரதேசத்தில் ஒரு வெப்ப அலையோடு தொடங்குகிறது. ஈரக்குமிழ் பற்றி மேலே எழுதியதைப் படித்துவிட்டு அதன் முதல் அத்தியாயத்தைப் படியுங்கள். தூக்கம் கெடும், ஆனாலும் படியுங்கள்.

கதையை எங்கே தொடங்குவது? எழுதியதைக் காட்டலாமா?

காட்டுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எந்த வீட்டில் கிணறு இருக்கிறது, அது தூர்ந்துவிட்டதா, யார் யாருக்கு அதில் இறைக்க அனுமதி இருந்தது என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஐம்பது ஆண்டு தள்ளிப்போய், விடியற்காலையில் அந்தக் கிணற்றுக்கு வரும் முதல் ஆள் யார், கையில் என்ன பாத்திரம் என்று எழுதத் தொடங்குங்கள். அந்த முதல் பக்கத்தையே கொண்டுவந்து காட்டலாம், முழுக் கதை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.